முப்பது நாள் ஆவுடை

பெண்சாதி ஆவுடையின் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் கொம்பையா கம்ப்யூட்டரைப் போட்டார். வேறு என்ன செய்வது. முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் பாட்டு பாதியில் கிடந்தது, கொடைக்கு ஐந்து நாள்தான் இருந்தது, யார் வீட்டில் சாவு என்று அம்மன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். பாட்டுப் பதிகிற சாஃப்ட்வேர் திறக்கவில்லை. முப்பது நாள் முடிந்துவிட்டது, இனி வாங்கினால்தான் ஓடுவேன் என்று திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது.

மாதாமாதம் வருகிற பெட்டிதான். வாங்கலாம் என்றால் விற்க ஆள் இல்லை. அதைச் செய்த கம்பெனி எங்கேயோ பனி பெய்கிற தேசத்தில் கடையைச் சாத்திக்கொண்டு போய்ப் பல வருஷமாயிற்று. வேறு சாஃப்ட்வேருக்குப் போகலாம் என்றால் பனையங்குறிச்சியில் பதிந்த பாட்டு, அறிவிப்பு அத்தனையும் அதற்குள்தான் திறக்கும். அதற்கு ஒரு வழியை மகன் நம்பிராஜன் சொல்லிக் கொடுத்திருந்தான். ரெஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டும். விண்டோஸ் தன் நினைவையெல்லாம் ஒளித்து வைத்திருக்கிற இடம் அது. எந்தச் சாஃப்ட்வேர் என்றைக்கு வந்தது, யார் பேரில் வந்தது, எந்த மைக்கைக் கேட்கிறது, எவ்வளவு சத்தத்துக்கு எவ்வளவு தாமதம், எல்லாம் அங்கே இருக்கும். மஞ்சள் ஃபோல்டரைத் திறந்தால் அதற்குள் இன்னொரு மஞ்சள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே போனால் கடைசியில் எழுத்தும் எண்ணும் குழம்பிய நீளப் பேரில் ஒன்று கிடக்கும். அதைத் தொட்டு டெலிட் பட்டனை அழுத்தினால், சாஃப்ட்வேர் தான் வந்த நாளை மறந்துபோகும். இன்றைக்குத்தான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டு மறுபடி முப்பது நாள் உழைக்கும்.

“பாவம்ப்பா அது, வெவரம் பத்தாது” என்பான் நம்பி.

கொம்பையா அழித்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அது முழித்து எழுவதற்குள் எதிர்க்கடையைப் பார்த்து, “சிவனு, ஒரு டீ” என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அடுப்படியிலிருந்து ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆவுடை வந்தாள். மூன்று வருஷத்துக்கு முந்திய கத்திரிப்பூக் கலர்ச் சேலை.

“ஏங்க, சீனி டப்பாவ எங்க தூக்கி வச்சிய?”

கொம்பையா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்து, “ரெண்டாப் போடு சிவனு” என்றார்.

எல்லாம் பேரால் வந்தது. கொம்பையா பேரில் எதுவும் விளங்காது என்று கல்யாணமான புதிதில் ஒரு ஜோசியர் சொல்லியிருந்தார்; அவர் பேரில் வாங்கிய முதல் ஆம்ப்ளிஃபயர் மூன்றாம் நாளே புகைந்துபோனதால் அதை மறுக்க யாருமில்லை. அதிலிருந்து கடை லைசென்ஸ் ஆவுடை பேரில், கரண்டு கனெக்‌ஷன் ஆவுடை பேரில், மொபெட் ஆவுடை பேரில், ஸ்பீக்கர் வாங்கிய ரசீதுகூட ஆவுடை பேரில். நம்பி அந்தச் சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றிய அன்றைக்கு, திரை பேர் கேட்டது.

“யப்பா, பேரு கேக்கு.”

“இது ஒரு கேள்வியால. ஒங்கம்மை பேரப் போடு.”

போட்டான். அந்த முப்பது நாளும் அவளுடையதாகிவிட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் அது அவளை ஒன்றும் செய்யவில்லை. அவர் பாட்டுக்கு மாதாமாதம் அழித்தார், அவள் பாட்டுக்கு நடமாடினாள். செத்த பிறகுதான் அது அவளைப் பிடித்து எழுப்பி, சாஃப்ட்வேர் ஏறிய நாளிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. காரணம் இவ்வளவுதான். இதற்கு மேல் ஊரும் கேட்கவில்லை.

ஊருக்கு வேறு கேள்விகள் இருந்தன. பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது, அதை நிறுத்துவதா நடத்துவதா. பிறந்த வீட்டிலிருந்து வந்த கோடித் துணியைத் திருப்பிக் கொடுப்பதா, உடுத்திக்கொள் என்று அவள் கையிலேயே கொடுப்பதா. ரேஷன் கார்டில் பேரை எடுத்தாயிற்றே, இனி அரிசி உண்டா இல்லையா. கிராம அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, செத்ததற்குச் சான்றிதழ் கொடுக்கத்தான் தனக்கு அதிகாரம், வந்ததற்குக் கொடுக்க ஃபாரம் இல்லை என்றார். பக்கத்து வீட்டுப் பூமாரி மட்டும் நேரே உள்ளே வந்து ஆவுடையின் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தாள்.

“என்னட்டி கிள்ளுத?”

“ஒண்ணுமில்ல மைனி. தோசைமாவு இருக்கான்னு கேக்க வந்தேன்.”

அதோடு முடிந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஒரு நிம்மதி. ஏனென்றால் ஆவுடை அந்த ஊரின் குரல். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு காஜா தெருத்தெருவாகப் போகும்போது வருகிற குரல் அவளுடையது. தண்ணீர் இன்றைக்கு வராது என்பதை அவள்தான் சொன்னாள், நகைக்கடை திறப்பை அவள்தான் சொன்னாள், காணாமல்போன வெள்ளாட்டின் அடையாளத்தை அவள்தான் சொன்னாள், இன்னார் காலமானார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதையும் அவள்தான் சொன்னாள். அவள் சொல்லாத சாவை அந்த ஊர் சாவாக எடுத்துக்கொண்டதில்லை. அவள் செத்த அன்று சொல்வதற்கு ஆளில்லாமல், காஜா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் ஊரைச் சுற்றினான். வெறும் இரைச்சல் மட்டும் தெருத்தெருவாகப் போனது, சனங்கள் வாசலுக்கு வந்து நின்று அந்த இரைச்சலைக் கேட்டு, யார் செத்தது என்று புரிந்துகொண்டார்கள்.

முப்பதாம் நாள் மாலை நாலு மணிக்கு, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் இல்லாமல் போனாள். உடம்பு இல்லை, எரிக்க ஒன்றுமில்லை. அரிவாள்மணைக்கு முன்னால் கத்திரிப்பூச் சேலை மட்டும் மடங்கிக் கிடந்தது. மறுநாள் காலை பெட்டி வந்தது, கொம்பையா அழித்தார், ஆவுடை சீனி டப்பாவைத் தேடிக்கொண்டு வந்தாள். சிவனு கேட்காமலே இரண்டு டீ போட்டான்.

இந்தக் கதை இப்படியே போயிருந்தால் நல்லது. போகவில்லை. டீயைக் குடித்து முடித்ததும் ஆவுடை ஒவ்வொரு தடவையும் கேட்டாள்:

“நம்பிய எங்க, இன்னும் எந்திரிக்கலியா?”

சாஃப்ட்வேர் ஏறிய அன்று நம்பிக்குப் பத்தொன்பது வயது, பாயில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் கழித்து, பக்கத்து ஊர்க் கொடைக்குக் கூம்பு ஸ்பீக்கர் கட்டப் பனையில் ஏறியவன் கரண்டுக் கம்பியில் பட்டு அங்கேயே தொங்கினான். அந்தச் சாவையும் ஆவுடைதான் சொன்னாள். வேறு யார் சொல்வது. மைக் முன்னால் உட்கார்ந்து, பேர் பிசகாமல், நேரம் பிசகாமல், ஒரே தடவையில் பதிந்து கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள், எழுந்த பிறகுதான் விழுந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் இருந்தாள். அந்த ஒரு வருஷமும், அதற்கு முந்திய இரண்டு வருஷமும், பனையும் கம்பியும், எல்லாம் டெலிட் பட்டனில் போய்விடும். திரும்பி வருகிற ஆவுடைக்கு நம்பி பாயில் தூங்குகிறான்.

முதல் தடவை கொம்பையா சொன்னார். அவள் போட்ட கூப்பாட்டில் தெருவே கூடியது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள், புதுச் சாவு போலவே அழுதார்கள். இரண்டாம் மாதமும் சொன்னார். அதே கூப்பாடு, அதே உயரம், அதே இடத்தில் மூச்சு முட்டல். பெண்கள் வந்தார்கள், அழுதார்கள். மூன்றாம் மாதம் பாதிப் பேர் வந்தார்கள். நாலாம் மாதம் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்தவர்கள், அழுகைக்கு நடுவே தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் மாதம் பூமாரி மட்டும் வந்தாள். அழவில்லை.

“அண்ணாச்சி, ஒரு பிள்ளைக்கு எத்தன தடவ அழுகது? எங்களுக்குக் கண்ணுல தண்ணி இல்ல. அவளுக்குக் கேளுங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்கு. இது பாவம். சொல்லாதிய.”

ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது என்று சொல்ல முடியாது; ஆனால் ஆறாம் மாதத்திலிருந்து பனையங்குறிச்சியில் நம்பி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிருந்தான். நேற்று ராத்திரிதான் திடீரென்று விசா வந்தது, நீ அசந்து தூங்கிவிட்டாய், எழுப்ப மனமில்லாமல் போய்விட்டான் என்றார்கள். சிவனு அதைச் சொன்னான், காஜா அதைச் சொன்னான், கிராம அதிகாரியும் அந்த வழியாக வந்து அதைச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டதை மறைக்கச் சிவனு கடையில் பழைய காலண்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினான். பெரிதாகிப்போன பிள்ளைகளை அவள் கண்ணில் படாமல் பின்தெரு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நிறைய வேலைதான். ஆனால் மாதாமாதம் அழுவதற்கு இது தேவலாம் என்று செய்தார்கள்.

கொம்பையாவின் வேலை அதைவிடப் பெரியது. ஒவ்வொரு தடவை அழித்த பிறகும் சாஃப்ட்வேர் மைக்கை மறந்திருக்கும், சவுண்ட் கார்டை மறந்திருக்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து வைக்க வேண்டும். ஆவுடைக்கும் அப்படியே: புதுக் குழாய் எங்கே இருக்கிறது, கேஸ் அடுப்பு ஏன் மாறியது, அவருடைய முன்பல் எப்போது விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் வைக்க வேண்டும். இரண்டையும் வைத்து முடித்து, நம்பியின் பழைய ட்ராக்குகளைத் திறந்து, அவன் மைக் சோதித்தபோது பேசிய பேச்சுகளை வெட்டி ஒட்டி, வாரம் ஒரு தடவை ஆவுடையின் போனுக்கு மஸ்கட்டிலிருந்து பேச வைத்தார்.

“ஹலோ… ஹலோ… கேக்கா? நல்லா இருக்கேன். சாப்பிட்டாச்சு. ஹலோ… வயர் சரியில்ல.”

“எலே, வெயிலாலே அங்க?”

“ஒண்ணு… ரெண்டு… மூணு. ஹலோ.”

“என்னத்தல எண்ணுத?”

“வயர் சரியில்ல” என்பான் நம்பி. அவள் சிரித்துக்கொண்டே போனைத் துடைத்து வைப்பாள். கொம்பையா உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருப்பார்.

ஒரு மாதம் வேறு மாதிரிச் செய்து பார்த்தார். அழிப்பதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லி நம்பி சொல்லியிருந்தது ஞாபகம் வந்து, இருபத்தெட்டாம் நாள் ரெஜிஸ்ட்ரியிலிருந்து அந்தக் கிளையை நகல் எடுத்தார். அவள் மறைந்த மறுநாள் அதையே திருப்பி ஏற்றினார். ஆவுடை வந்தாள். சீனி டப்பா இருக்கிற இடம் தெரிந்திருந்தது, புதுக் குழாய் தெரிந்திருந்தது. ஆனால் மிச்சம் இருந்தது இரண்டே நாள். நினைவு வேண்டுமென்றால் நாள் இல்லை, நாள் வேண்டுமென்றால் நினைவு இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அந்த மஞ்சள் ஃபோல்டர்களில் இடமில்லை. நகலை அழித்தார்.

பதினாலாவது வரவில் அது நடந்தது.

கொம்பையாவின் வேலை முறையே காரணம். சாவு அறிவிப்புக்கென்று கொம்பையா ஒரே ஒரு ஃபைல் வைத்திருந்தார். அடியில் சோகமான புல்லாங்குழல், மேலே ஆவுடையின் குரல். புதுச் சாவு வந்தால் பழைய குரலை அழிக்க மாட்டார். அதை மியூட் செய்துவிட்டு அதற்கு மேலே புது ட்ராக் போட்டுப் பதிவார். செத்தவர் பேரை அழிக்கக் கை வராது, அவ்வளவுதான். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக எண்பத்துச் சொச்சம் பேர் அந்த ஃபைலுக்குள் வாயடைத்துக் கிடந்தார்கள். அன்றைக்கு ஆறுமுக வாத்தியார் செத்துப்போனார். ஆவுடை பதிவதற்கு உட்கார்ந்தாள். வெளியே காஜாவிடம் எடுக்கிற நேரத்தைக் கேட்டுவிட்டு வரக் கொம்பையா எழுந்து போனார். இரண்டு நிமிஷம்தான்.

ஆவுடை சும்மா இருக்கவில்லை. கீழே கிடந்த ட்ராக் ஒன்றின் மியூட்டை எடுத்துவிட்டாள். தன் குரல் கேட்டது. பலசரக்குக் கடைக்காரர் காலமானார் என்றது. அவளுக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. அடுத்ததை எடுத்துவிட்டாள். பூமாரியின் மாமியார். அடுத்தது. அடுத்தது. கொம்பையா திரும்பி வந்தபோது அவள் திரையைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது, அவள் குரல் சொல்லிக்கொண்டிருந்தது: “கொம்பையா அவர்களின் ஒரே மகன் நம்பிராஜன் அவர்கள், இன்று காலை ஏழு முப்பது மணியளவில்…”

அவள் கூப்பாடு போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இத நானா சொன்னேன்?”

“ம்.”

“பிசகாமச் சொல்லிருக்கேன்.” தனக்கு ஞாபகமில்லாத தேதிகளைத் திரையில் எண்ணிவிட்டு, “நானும் செத்துட்டேனா?”

“ம்.”

“இது எத்தனாவது தடவ?”

“பதினாலு.”

“பதினாலு தடவையும் எனக்குத் தெரியாமலா?”

“அஞ்சு தடவ சொன்னேன்.”

ஆவுடை அவர் முகத்தைப் பார்த்தாள். முன்பல் இல்லாத இடத்தைப் பார்த்தாள். “வயர் சரியில்லன்னு சொன்னது?”

“அதும் நான்தான்.”

“சரி. இனி அந்தப் பட்டனத் தொடாதிய. அவன் இல்லாத வீட்டுக்கு என்னைய எதுக்கு மறுபடி மறுபடி இழுத்துட்டு வாரிய? என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினார். அவள் அவரை நம்பவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மைக்கைப் போட்டு ஒன்றைப் பதிந்தாள். அதைப் பென் டிரைவில் ஏற்றிக் காஜாவிடம் கொடுத்தாள்.

“நான் போன மறுநாள் காலையில இத ஊர் முழுக்கப் போடணும். அவிய தடுத்தாலும் போடணும். செய்வியா?”

“அக்கா, அண்ணாச்சி என்னையக் கொன்னுருவாவ.”

“கொன்னா அழிச்சு எழுப்பிக்கிடலாம். செய்வியா மாட்டியா?”

காஜா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முப்பதாம் நாள் நாலு மணிக்கு அவள் போனாள். பதினாலாவது சேலை. முந்தியதையெல்லாம் பூமாரி பிள்ளை பெற்ற வீடுகளுக்குத் தொட்டில் கட்டக் கொடுத்திருந்தாள். இதைக் கொம்பையா மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை வரைக்கும் சத்தியத்தைக் காப்பாற்றினார். காலையில் திரையில் பெட்டி வந்தது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை, ஒரு பாத்திரம் உருளவில்லை. அழித்தார்.

“ஏங்க, சீனி டப்பாவ எங்க தூக்கி வச்சிய?”

சிவனு இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனான். ஆவுடை ஒரு வாய் குடித்தாள். “நம்பிய எங்க” என்று கேட்க வாயெடுத்தாள். அப்போது தெருமுனையில் ஆட்டோ திரும்பியது.

“பனையங்குறிச்சி பெரியோர்களே, தாய்மார்களே. கொம்பையா அவர்களின் மனைவியும், காலஞ்சென்ற நம்பிராஜனின் தாயாருமான ஆவுடையம்மாள், நேற்று மாலை நான்கு மணியளவில் பதினைந்தாவது முறையாகக் காலமானார். அன்னாருக்கு இறுதிச் சடங்கு எதுவும் கிடையாது. அன்னாரைக் கணவர் எழுப்பியிருந்தால், அன்னாருக்கு ஓர் அறிவிப்பு. ஆவுடை, நம்பி செத்துப் போயிட்டான். ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. கரண்டுல போயிட்டான். ஒனக்கு யாரும் சொல்லமாட்டாவ, அதான் நானே சொல்லுதேன். அழுது முடி. முடிச்சுட்டு அவிய கைய அந்தப் பட்டன்ல இருந்து எடுத்து விடு. அவியளால முடியாது.”

ஆட்டோ மெதுவாக வீட்டைத் தாண்டிப் போனது. தெருவில் ஒருவரும் நகரவில்லை. காஜா முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினான். அடுத்த தெருவிலும் அதற்கடுத்த தெருவிலும் அந்தக் குரல் அதையே சொல்லிக்கொண்டு போவது வெகு நேரம் கேட்டது.

ஆவுடை மத்தியானம் வரைக்கும் அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்கு வந்தாள்.

“எந்தப் பட்டன்?”

கொம்பையா காட்டினார். அவள் அடுப்படிக்குப் போய்க் கரண்டிக் காம்பைக் கொண்டுவந்து, கீபோர்டில் டெலிட் பட்டனுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். அது பல் விழுகிற மாதிரி டக்கென்று வந்தது. அதோடு விடவில்லை; பட்டன் இருந்த குழியில் அரக்கை உருக்கி ஊற்றினாள். பட்டனைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இனி அழிக்க முடியாதுல்லா?”

கொம்பையா அந்த முடிச்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“முடியாது” என்றார்.

மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினாலும் அழிக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த முப்பது நாளும் ஆவுடை நிம்மதியாக இருந்தாள். பொய் ஒன்றும் வைக்க வேண்டியிருக்கவில்லை. சிவனு புதுக் காலண்டரை மாட்டினான், பிள்ளைகள் முன்தெரு வழியாகவே பள்ளிக்கூடம் போயின, அவள் ஒவ்வொன்றாக நிறுத்தி யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக் கன்னத்தைத் தொட்டாள். நம்பி தொங்கிய பனையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். காஜாவிடமிருந்து பென் டிரைவைத் திருப்பி வாங்கி அம்மியில் வைத்து நசுக்கினாள். இனி அது தேவைப்படாது என்றாள். புதிதாக எதையும் பதியவில்லை. முப்பதாம் நாள் பூமாரியைக் கூப்பிட்டுத் தோசைமாவைக் கொடுத்தாள், கொம்பையாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள், நாலு மணிக்குப் போனாள். முந்தானை முடிச்சோடு சேலை கட்டிலில் கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் தெருவே வாசலில் நின்றது. உள்ளே வரவுமில்லை, கலைந்து போகவுமில்லை. பூமாரி குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள். காஜா ஆட்டோவை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளே, பெட்டி வந்திருந்தது. கொம்பையா மஞ்சள் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனார். கடைசிப் பேரின்மேல் அம்புக்குறியை வைத்து, மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினார். சின்னப் பட்டியல் ஒன்று கீழே விழுந்தது. நாலாவது வரியில் டெலிட் இருந்தது. மடியில் சேலை இருந்தது, முடிச்சு உள்ளங்கைக்குள் உறுத்தியது.

தெருவில் டம்ளர் சத்தம் கேட்டது. பிறகு சிவனுவின் குரல், வழக்கத்தைவிடத் தாழ்ந்து:

“அண்ணாச்சி… ஒண்ணா, ரெண்டா?”

கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார்.

“ரெண்டு” என்றார்.